மலைப் பக்கத்து யன்னல்

கேபிள் கம்பனியில் இருந்து வந்தவர் பழைய பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு புதுப் பெட்டியைப் பூட்டினார். பிறகு புது ரிமோட்டை என் கணவரின் கையில் வைத்து, இனிப் பட்டன் தேடத் தேவையில்லை, வாயால் சொன்னால் போதும் என்று பிரெஞ்சில் சொன்னார். சொல்லியும் காட்டினார். அவர் ஒரு சானலின் பேரைச் சொல்ல, ரீவி மாறியது. என் கணவர் ரிமோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

போன விண்டரில் அவருக்கு ஸ்ரோக் வந்தது. கால் திரும்பி வந்துவிட்டது. வலது கை பாதி வந்தது. வராமல் நின்றது பேச்சு. அப்படிப்பட்ட மனுசனின் கையில் வாயால் சொல்லுகிற ரிமோட்டைக் கொடுத்துவிட்டு, வந்தவர் தன் கோட்டைப் போட்டுக்கொண்டார். நான் "மெர்சி, மெர்சி" என்று இரண்டு தரம் சொல்லிக் கதவைச் சாத்தினேன். பயம் வந்தால் நான் எதையும் இரண்டு தரம் சொல்லுவேன்.

எனக்குப் பயம் வராத நாள் குறைவு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது எனக்கு. அதனாலோ என்னவோ, எழுத்திருக்கிற எந்தப் பொருளைக் கண்டாலும் நெஞ்சு அடிக்கும். மருந்துப் போத்தலைத் திருப்பித் திருப்பி வாசிப்பேன். வீட்டைப் பூட்டிப் படியிறங்கிய பிறகு அடுப்பு நினைவு வரும், திரும்ப ஏறுவேன். நான் வேலை செய்வது குழந்தைகளைப் பகலில் பார்க்கிற ஒரு கார்டெரியின் குசினியில். அங்கே பிள்ளைகளுக்கு அவித்த கரட்டை நான் விரலால் நசித்துப் பார்த்துத்தான் அனுப்புவேன், யாருக்காவது தொண்டையில் அடைத்துவிடுமோ என்று.

என் கணவர் அப்படியில்லை. மொன்றியல் டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோரண்டில் குக்காக நின்றவர். பிரெஞ்சையும் ஐஸ் ஹொக்கியையும் அந்தக் குசினியிலேயே படித்தார். பிரெஞ்சில் முதல் படித்தது தூஷணம்தான். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவர் வாயில் ஒரு சொல்லும் இல்லை. தண்ணி வேணுமென்றால் கையைக் காட்டுவார். அப்படி இருந்த ஒரு சனிக்கிழமை, ஹொக்கி மட்ச் நடந்துகொண்டிருந்தது. மொன்றியல்காரர் ஒருவரை றெஃபரி வெளியே அனுப்பிவிட்டார். நான் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றேன்.

"தபர்னாக்!"

அவருடைய குரல். கரண்டியோடு ஓடிப்போய்ப் பார்த்தால், மனுசன் கதிரை நுனியில் இருந்துகொண்டு ரீவியை முறைக்கிறார். அது இந்த ஊர்க்காரர் கோபத்தில் சொல்லுகிற சொல், கோயில் சாமானின் பேரை இழுத்துத் திட்டுவது. எனக்குச் சந்தோசமும் வெட்கமும் சேர்ந்து வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற பெண்பிள்ளையிடம் அதைச் சொல்ல நான் பட்ட பாடு. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவள் கை தட்டிச் சிரித்தாள்.

"மிச்சம் நல்லது, மடாம். அநேகம் பேருக்குத் திட்டுற சொல்லுத்தான் முதல் வாறது. அவர் தானாய் விரும்பிப் பார்க்கிறதைப் பார்க்கட்டும். நீங்கள் அவருக்காகத் தெரிவு செய்ய வேண்டாம். அவர் தேட வேணும், அப்பதான் சொல்லும் தேடி வரும்."

அவள் பிரெஞ்சில் சொன்னதை நான் தமிழில் மனப்பாடம் செய்தேன். பழைய பெட்டியில் அது சுகமாக நடந்தது. இடது பெருவிரலால் நம்பரை அமத்துவார். ஹொக்கி, செய்தி, சமையல், எது வந்தாலும் யாரையாவது திட்டுவார். வரவரத் தமிழும் வந்தது. "மொக்கு" வந்தது. "போடா" வந்தது. நான் வேலையால் வந்து கோட்டைக் கழற்ற முதல் அன்றைக்கு வந்த சொல்லை அவரிடம் கேட்டு வாங்குவேன்.

புதுப் பெட்டியில் நம்பரை அமத்தினால் சானல் வராது. வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள் வரும். ஒன்றை அமத்தினால் அதற்குள் இன்னொரு வரிசை. பிழையாக அமத்தினால் ஒரு கேள்வி கேட்கும், பதில் சொல்லாமல் வெளியே வரவும் விடாது. அவர் முதல் நாள் முயன்றார், இரண்டாம் நாள் முயன்றார், பிறகு ரிமோட்டை என் மடியில் வைத்துவிட்டார். பின்னேரம் நான் வீட்டுக்கு வரும்போது ரீவி இருட்டாக இருக்கும், அவர் அதற்கு முன்னால் இருப்பார்.

"என்னப்பா, ரீவி போடேல்லையே?"

தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒரு கிழமைக்குள் "மொக்கு" போய்விட்டது. பிறகு "போடா" போனது. கடைசியில் தபர்னாக்கும் போனது. அவர் திட்டாமல் இருந்தபோது வந்த மாதிரி ஒரு பயம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

கம்பனிக்குப் போன் அடித்துப் பழைய பெட்டியைத் திரும்பத் தரச் சொல்லிக் கேட்டேன். இல்லையாம், எல்லாருக்கும் இனி இதுதானாம். போனை வைத்த இடத்திலேயே நான் முடிவெடுத்தேன். சும்மா ஒரு சீலை எடுக்கவே கடையில் மத்தியானம் வரைக்கும் நிற்கிற ஆள் நான். கேபிளை வெட்டுவது என்று ஒரு நிமிசத்தில் முடிவெடுத்தேன். மாசம் முடியட்டும், பெட்டி போகட்டும். அதற்கு முதல் என் மனுசன் ஒரு விரலால் ரீவி பார்க்கிற மாதிரி ஏதோ ஒன்று செய்ய வேண்டும்.

லொங்குய்யில் இருக்கிற மகளுக்கு அடித்தேன்.

"அம்மா, குசினிக்குள்ளையே நிக்கிறியள்? ஒண்டும் கேக்கேல்ல. வெளியில வாங்கோ."

எங்கள் வீட்டில் அது வழக்கம். குசினிக்குள் போன் எடுக்காது. வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். போன் அடித்தால் கரண்டியை வைத்துவிட்டுக் கொறிடோருக்கு ஓடி வருவோம். வந்தேன்.

"கேபிளை வெட்டப் போறன்."

"நீங்களோ? போன மாசம் பல்ப் மாத்த என்னை மெட்ரோ ஏறி வரச் சொன்னனீங்கள்."

"அது ஸ்ரூல் ஆடினது."

"சரி சரி. ரீவிக்குப் பின்னால குத்துற ஸ்ரிக் ஒண்டு இருக்கு, கொண்டு வாறன். இன்ரநெற்றால எல்லாம் வரும். உங்கட தமிழ் நாடகம் முழுக்க அதில கிடக்கு. கிழமை நாள் ஹொக்கியும் காசு கட்டினால் வரும்."

"அப்பாவுக்கு?"

"அதிலயும் படம் படமாத்தான் வரும், அம்மா."

வழி சொன்னது என் கணவரின் பழைய சிநேகிதர். அதே ரெஸ்ரோரண்டில் பக்கத்து அடுப்பில் நின்றவர், மட்டக்களப்பார், இப்போது பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து, பதில் சொல்லாத சிநேகிதனோடு இருந்து ஓயாமல் கதைத்துவிட்டுப் போவார். ஸ்ரோக் வந்த பிறகு அப்படி வருகிறவர் அவர் ஒருவர்தான்.

"தங்கச்சி, எங்கட வீட்டுக் கூரையில அன்ரெனா ஒண்டு போட்டிருக்கன். ஊர் நடுவில மலை மேல நிக்கிற டவர்ல இருந்து மொன்றியல் சானல் எல்லாம் காத்தில வருது. பெட்டியும் இல்ல, பில்லும் இல்ல. நம்பரை அமத்தினாச் சரி."

"என்ன சொன்னனீங்கள், அண்ணை?"

"பெட்டி இல்ல, பில்..."

"இல்லை, கடைசியாய்ச் சொன்னது."

"நம்பரை அமத்தினாச் சரி."

எனக்கு அது போதும். நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்களது வாடகை வீடு, இரண்டாம் மாடி, கூரை எங்களுக்குச் சொந்தமில்லை. அதற்கு அவர், யன்னலில் ஒட்டுகிற அன்ரெனா இருக்கிறது, ஃபைல் மட்டை போல மெல்லிசு என்றார். அடுத்த ஞாயிறு ஒன்றை வாங்கிக்கொண்டே வந்தார்.

ரீவி இருக்கிற முன் அறை யன்னலில் அதை ஒட்டி, ரீவியைத் தேட விட்டோம். அது நெடுநேரம் தேடி ஒரேயொரு சானலைக் கண்டுபிடித்தது. அதில் யாரோ ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள், முகம் சதுரம் சதுரமாக உடைந்து விழுந்தது. அண்ணை அன்ரெனாவைத் திருப்பினார். தலைகீழாக ஒட்டினார். கண்ணாடியில் வைத்துக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். என் கணவர் கதிரையில் இருந்தபடி, இடப் பக்கம், இன்னும் இடப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டினார்.

"இவனைப் பாருங்க தங்கச்சி, கையை நீட்டிக்கிட்டு இவனே ஒரு அன்ரெனா. வயரை இவன்ட காதில கொழுவுவமா?"

கதிரையில் இருந்தவர் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். ஆனால் சானல் வரவில்லை. போகும்போது சப்பாத்தைக் கட்டிக்கொண்டு அண்ணை மெதுவாகச் சொன்னார்: "உங்கட வீடு மலைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. நான் சொல்றன், கோவிக்காதீங்க. கேபிளைத் திரும்ப எடுங்க."

நான் கோபிக்கவில்லை. எடுக்கவும் இல்லை.

அதன்பிறகு வேலையால் வந்ததும் எனக்கு அதுவே வேலை. நீட்டு வயர் ஒன்றை வாங்கிக் கொழுவி, அன்ரெனாவைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க அலைந்தேன். படுக்கை அறை, குளியலறைக் கதவு, உடுப்பு அலுமாரிக்கு மேலே. ஒவ்வொரு இடத்திலும் வைத்துவிட்டு ஓடி வந்து ரீவியில் சிக்னல் கோட்டைப் பார்ப்பேன். கதிரையில் இருந்து அவர் தலையை ஆட்டுவார், இல்லை. குடியிருப்பில் யாரும் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு அலைந்தேன்.

கடைசியில் குசினிக்குப் பின்னால் இருக்கிற பல்கனிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்து பார்த்தால் மலையும் டவரும் தெரியும். கைப்பிடியில் அன்ரெனாவைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தால், ரீவி ஒவ்வொரு சானலாகப் பிடிக்கிறது. பிரெஞ்சு, இங்கிலிஷ், எல்லைக்கு அங்காலே அமெரிக்காக்காரருடையதும் ஒன்று. படம் கண்ணாடி போல. திறந்த கதவால் குளிர் அடித்துக்கொண்டு வர, அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு நம்பர் நம்பராக அமத்திப் பார்த்தார். ஒரு விரல். எனக்கு அழுகை வந்தது.

ஆனால் அது நிற்காதே. வயர் கிடந்தால் கதவு பூட்டாது. பூட்டாவிட்டால் வீடு ஐஸ் பெட்டி. வெளியே எதையும் கொழுவக்கூடாது என்று வீட்டுக்காரர் முதலே சொல்லியிருக்கிறார். அன்ரெனாவை எடுத்துக்கொண்டு குசினிக்குள் ஓர் அடி வைத்தேன். எல்லாச் சானலும் செத்துப்போனது. வெளியே ஓர் அடி வைத்தேன், உயிர் வந்தது. சுவர்தான் மறிக்கிறது என்று செங்கல்லைத் திட்டினேன். என் தலையெழுத்தையும் திட்டினேன். எட்டாம் வகுப்புப் படித்தவள் இதிலெல்லாம் கை வைத்தது பிழை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அன்ரெனாவைக் கீழே வைக்கவில்லை.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு குசினியில் நிற்கும்போதுதான் மகள் அடித்தாள்.

"குசினிக்குள்ளையே நிக்கிறியள்? வெளியில வாங்கோ அம்மா, ஒண்டும் கேக்கேல்ல."

கொறிடோருக்குப் போகாமல், பக்கத்தில் இருந்ததால் பல்கனிக்குப் போனேன். குரல் தெளிவாகக் கேட்டது. பேசியபடி உள்ளே வந்தேன், அறுந்தது. வெளியே போனேன், வந்தது.

"என்ன அம்மா, விளையாடுறியளே?"

"பிள்ளை, கொஞ்சம் பொறு."

பல்கனியில் நின்று, வேறு யாரோ ஒருவருடைய வீட்டைப் பார்க்கிற மாதிரி என் குசினியைப் பார்த்தேன். அடுப்புக்குப் பின்சுவர் மினுங்கியது. பக்கச்சுவர் மினுங்கியது. யன்னல் கண்ணாடியில் பாதிக்கு மேல் மினுங்கியது. கதவுக் கண்ணாடியும் மினுங்கியது. எல்லாம் அலுமினிய பொயில் பேப்பர்.

எங்கள் ஆட்கள் வீட்டுக் குசினி எதுவென்றாலும் அடுப்புக்குப் பின்னால் பொயில் ஒட்டியிருக்கும். கடுகு வெடிக்கும், எண்ணெய் தெறிக்கும், மஞ்சள் பட்டால் வாடகை வீட்டுச் சுவர் போச்சு. மற்றவர்கள் அடுப்போடு நிற்பாட்டுவார்கள். நான் நிற்பாட்டவில்லை. இந்த நாட்டில் நாங்கள் இருந்த முதல் வீட்டில், வீட்டுக்காரர் என் குசினிச் சுவரை விரலால் தடவி, அந்த விரலை என் முன்னாலேயே மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். பதில் சொல்ல எனக்கு அப்போது பாஷை இல்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் பால் காய்ச்ச முதல் பொயில் ஒட்டுவேன். சுவரில் கறை படும் என்று சுவருக்கு. எதிர்வீட்டார் பொரிக்கிறதைக் காண்பார்கள் என்று யன்னலுக்கு. பல்கனிக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள் என்று கதவுக்கு. ஒவ்வொரு தீபாவளிக்கு முதலும் கழற்றிப் புதிது ஒட்டுவது வழக்கம். அவருக்கு ஸ்ரோக் வந்த பிறகு வந்த தீபாவளிக்குக் கழற்ற நேரமில்லாமல் பழையதுக்கு மேலேயே ஒட்டிவிட்டேன்.

மலை குசினிப் பக்கம் இருக்கிறது. அந்தக் குசினியை நான் காற்றில் வருகிற எதுவும் நுழையாத தகரப் பெட்டி மாதிரிச் செய்து வைத்திருக்கிறேன்.

கழற்ற வேண்டும் என்று விளங்கியது. உள்ளே சுவர் எப்படி இருக்கும்? பெயின்ற் உரிந்து வந்தால்? இந்த வீட்டுக்காரர் நல்ல மனுசன், படியில் கண்டால் "போன்ஜூர்" சொல்லுவார். ஆனால் எனக்கு அந்தப் பழைய விரல்தான் நினைவுக்கு வந்தது. யன்னலுக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். முன் அறையில் அவர் கதிரை கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் மட்டும்தான். நான் நகத்தால் பொயிலின் மூலையைக் கிளப்பினேன்.

யன்னலை உரித்ததும் அன்ரெனாவை அதில் சாய்த்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன், சிக்னல் கோடு கொஞ்சம் ஏறியிருந்தது. கதவையும் உரித்தேன், இன்னும் ஏறியது. விட்ட இடத்தில் நிற்க மனம் வரவில்லை, சுவரிலும் கை வைத்தேன். எண்ணெய்ப் பிசினும் மஞ்சளும் ஒட்டி, பொயில் தடித்த தோல் மாதிரி வந்தது. சத்தம் கேட்டு அவர் வந்தார். ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, நான் கிளப்பிக் கொடுத்த நுனியை இடது கையால் பிடித்து ஒரே இழுவை. நீளமாகக் கிழிந்து வந்தது. அவர் முகத்தில் ஒரு களை. அடுத்ததுக்குக் கையை நீட்டினார்.

பொயிலுக்குப் பின்னால் இளம் பச்சைச் சுவர் இருந்தது. அந்தச் சுவர் பச்சை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒரு கறை இல்லை. ஓரத்தில் கொஞ்சம் பசை இருந்தது, சோடாத்தூளும் சுடுதண்ணியும் போட்டுத் துடைக்கப் போனது.

அன்ரெனாவை யன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். வயரைச் சுவர் ஓரமாகக் கொறிடோரால் இழுத்து, கால் தடக்காமல் டேப் ஒட்டினேன். தடக்கி விழுவாரோ என்று பயந்து அதற்கு மேலே திரும்பவும் டேப் ஒட்டினேன். மகள் ஸ்ரிக்கைக் கொண்டு வந்து தந்துவிட்டுப் போயிருந்தாள், மற்றதைப் போனில் சொல்லித் தந்தாள். ரீவியைப் போட்டால் எப்போதும் முதலில் அன்ரெனாதான் வர வேண்டும், ஸ்ரிக் பிறகு. அதை ரீவிக்குச் சொல்லிக் கொடுக்க எந்தப் பக்கத்தில் எந்தச் சொல்லை அமத்துவது என்று நான் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க அவள் பொறுமையாகக் கேட்டாள். முடிந்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"அம்மா, எங்க நிண்டு கதைக்கிறியள்? வடிவாய்க் கேக்குது."

"குசினிக்கை."

ரீவியின் சொந்த ரிமோட்டில் நம்பர், சத்தம், போடுகிற பட்டன் மூன்றையும் விட்டு, மிச்சம் எல்லாவற்றுக்கும் மேலே காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரர் ஒட்டினேன். அது அவருக்கு. ஸ்ரிக்கின் ரிமோட் மேசை லாச்சிக்குள், அது எனக்கு. சமைத்து முடித்த பிறகு என் நாடகத்தையும், கிழமை நாளில் மட்ச் இருந்தால் அதையும் நான் அதால் போடுவேன். சனிக்கிழமை மட்ச் அன்ரெனாவிலேயே வரும், அதை அவர் போட வேண்டும். மாசம் முடிய முதலே கேபிள் பெட்டியைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சனிக்கிழமை வந்தது. அவர் தானே நம்பரை அமத்தினார். மட்ச் வந்தது. நான் குசினியில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மொன்றியல்காரர் அடித்தார்கள், பேச்சு இல்லை. மற்றவர்கள் அடித்தார்கள், பேச்சு இல்லை. றெஃபரி ஆளை வெளியே அனுப்பினார், அப்போதும் இல்லை. "திட்டுங்கோவன்" என்று போய்ச் சொல்ல வாய் உன்னியது. நீங்கள் அவருக்காகத் தெரிவு செய்ய வேண்டாம் என்று அந்தப் பிள்ளை சொன்னதை நினைத்துக்கொண்டு, கையில் இருந்த கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

மட்ச் முடிய பியர்பொன்ட்ஸில் இருந்து போன் வந்தது.

"படம் வருதா தங்கச்சி?"

"வருது அண்ணை, கண்ணாடி மாதிரி."

"கதைச்சானா?"

"இல்லை."

"மொன்றியல்காரன் இண்டைக்கு விளையாடின விளையாட்டுக்கு எனக்கே வாய் அடைச்சுப்போச்சு. வரும் தங்கச்சி, விடுங்க."

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது, எனக்குள் இருந்த முழுப் பயத்தையும் அடக்கிக்கொண்டு ஒரு காரியம் செய்தேன். அன்ரெனா பூட்டிய நாளில் இருந்து அவருக்காக நானே ரீவியைப் போட்டு விட்டுத்தான் வேலைக்குப் போவேன். அன்றைக்கு நிற்பாட்டினேன். ரிமோட்டை அவருடைய இடது கைப்பக்கம் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பைப் பார்க்கத் திரும்ப ஏறியபோதும் ஒன்றும் சொல்லவில்லை. வேலையில் நாள் முழுக்க ஒரே யோசனை. கரட்டை அளவுக்கு மேல் அவித்துவிட்டேன், பிள்ளைகளுக்குக் களியாகப் போனது.

பின்னேரம் பஸ்சால் இறங்கிச் சினோப் பனிக்குள்ளால் நடந்து வந்து படியேறினேன். எங்கள் கதவுக்கு வர முதலே ஆள் பேசுகிற சத்தம். ரீவிதான். பிரெஞ்சில் யாரோ ஒரு பெண் சமையல் சொல்லிக்கொண்டிருந்தாள், சட்டியில் ஏதோ பொரிகிற சத்தமும் கேட்டது. நான் போடவில்லை. வேறு யாரும் வீட்டில் இல்லை.

திறப்பை எடுத்துவிட்டேன், கதவுப் பூட்டில் போடவில்லை. உள்ளே இன்னொரு குரல் வந்தது, கரகரத்து, நிறுத்தி நிறுத்தி, முப்பது வருசம் அடுப்படியில் ஆட்களை ஏவின குரல்.

"வெங்காயம்."

பிறகு கொஞ்சம் இடைவெளி.

"வெங்காயம்... கருகுது."

அந்தப் பெண் தன் பாட்டில் சிரித்துக்கொண்டு தக்காளியைப் பற்றிச் சொன்னாள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"கருகுதடி! தபர்னாக்!"

நான் உள்ளே போனால் நிற்பாட்டிவிடுவாரோ என்று பயந்து, சப்பாத்தில் இருந்த சினோ உருகித் தண்ணியாய் ஓட, கதவுக்கு வெளியிலேயே நின்றேன். அந்தச் சமையல் முடியும் வரைக்கும் நின்றேன்.